முந்தி வராத புடலங்காய்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடியில் ஒரு புடலங்காய் வெடித்தது.

சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. பட்டாசு மாதிரி 'டமால்' என்றெல்லாம் இல்லை. 'புளிச்'... அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் மாடியில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஒரு அம்மா மட்டும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

ஒரு புடலங்காய்க்குப் போய் யாராவது அழுவார்களா?

அதைத்தான் இந்த வாரம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஆரணி பஜாரில் ஒரு விதைக் கடையில் வேலை செய்கிறேன். படிப்பு பத்தாவதோடு சரி. எழுதியதை முதலில் என் மகள் இனியாவிடம்தான் காட்டுவேன். அஞ்சாம் வகுப்பு. ஒற்றுப்பிழை இருந்தால் என் காதைத் திருகுவாள்.

கடையில் விதைப் பாக்கெட் வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் சில நாளில் சண்டைக்கு வருவார்கள். "இன்னா சார், ஒண்ணுமே மொளைக்கல!" என்று. விதையை முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் அது எப்படி முளைக்கும்? பதில் சொல்லிச் சொல்லி பேஜாராகி, ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன்: "ஞாயித்துக்கிழமை வாங்க. நானே கத்துக் குடுக்கிறேன்."

வந்துவிட்டார்கள்!

நெசவாளர் தெரு சமுதாயக் கூடத்தின் மொட்டை மாடி கிடைத்தது. வெயில் கொஞ்சம் தணிந்ததும் குரோ பேக்கில் மண்ணும் தொழு உரமும் நார்த்தூளும் நிரப்பி வரிசையாக வைத்தோம். ஆளுக்கு நாலு பை. வந்தவர்கள் பெரும்பாலும் பட்டு நெய்கிறவர்கள். சின்ன வயதிலிருந்து நூலோடு பழகிய கைகள். அந்தக் கைகளுக்குக் கீரை விதை தூவச் சொல்லிக்கொடுத்தால் எப்படித் தூவும் தெரியுமா? ஊசி நுழைய இடமில்லாமல்!

"அண்ணா, இவ்ளோ நெருக்கமா போடாதீங்க. மூச்சு விட எடம் வேணாமா?" என்றேன், ஏகாம்பரம் அண்ணனிடம். எங்கள் வகுப்பிலேயே வயதில் மூத்தவர், வாயில் அதைவிட மூத்தவர்.

"நெருக்கமா இருந்தாதான் சார் தரம். எழை வுட்டு வுட்டு நெய்தா முதலாளி மூஞ்சியில அடிப்பாரு."

"கீரைக்கு முதலாளி இல்லண்ணா."

"அடடே! அதுக்கோசரமே வளக்கலாமே!"

மாடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் வேறு எங்கோ போய்த் தட்டியது. என் அப்பா படவேடு பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். வரப்போரம் ஒரு கத்தரிக்காய் பறிப்பதென்றாலும் ஒருவரைக் கேட்க வேண்டும். எங்களுக்கென்று ஒரு சாண் மண் இருந்ததில்லை. இன்றைக்கும் இல்லை — வாடகை வீட்டில் இருக்கிற ஏழெட்டு பை மண்ணைத் தவிர. ஆனாலும் பிள்ளைகளே, யாரையும் கேட்காமல் முதல் காயைப் பறிக்கும்போது விரலில் ஒரு 'டக்' கேட்கும் பாருங்கள்... அதற்காகத்தான் நான் இந்த வேலையே செய்கிறேன்.

அதனால் எனக்கு முதல் காய் என்றால் பறித்துவிட வேண்டும். இங்கேதான் தகராறு.

வெண்டைக்காயில் ஆரம்பித்தது. விரல் நீளம் வந்ததும் பறியுங்கள் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்... ஒருவரும் பறிக்கவில்லை! ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு முற்றித் தொங்குகிறது. நுனியை உடைத்தால் உடையவில்லை. வளைந்து கொடுக்கிறது.

"ஏண்ணா பறிக்கல?"

"இன்னும் வளந்துகினு இருந்துச்சே சார்!" என்றார் ஏகாம்பரம் அண்ணன், நியாயம் கேட்கிற குரலில். "முந்தி நெய்யாம சேலைய அறுப்பாங்களா?"

உங்களில் பட்டுத் தறி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையின் உடல் நெய்து, கடைசியில் முந்தி நெய்து, எல்லாம் முடிந்த பிறகுதான் தறியிலிருந்து கத்தரித்து எடுப்பார்கள். அதற்குப் பெயர் அறுப்பது. பாதியில் கத்தரி வைத்தால் அது சேலை இல்லை, வெறும் துணி. இவர்களின் கைக்கு அது ஒன்றுதான் தெரியும். முழுசாக முடியாததை அறுக்கக் கூடாது.

ஆனால் வெண்டைக்காய் அப்படி இல்லையே! அதை முந்தி வருவதற்கு முன்னாலேயே அறுத்துவிட வேண்டும். புடலையும் பீர்க்கனும் அப்படித்தான். பிஞ்சிலேயே பறித்தால் செடி 'அய்யோ, விதை போச்சே' என்று பதறிப்போய் அடுத்த பூவை விடும். விட்டுவைத்தால்? வந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்ளும். பூ கொட்டும். கொடி நின்றுவிடும்.

இதை நன்றாக விளக்கினேன். எல்லோருக்கும் புரிந்தது. தேவகி அக்காவுக்கும் புரிந்தது.

தேவகி அக்கா பட்டு நெய்கிறவர். அதிகம் பேச மாட்டார். புடலங்காய் நேராக வளர நுனியில் சின்னக் கல்லைக் கட்டச் சொன்னபோது மட்டும், "நாங்க தறியில கட்டாத கல்லா சார்?" என்றார். கழிவுப் பட்டு நூலில் கட்டினார். ஆடி மாதம் அவர் பந்தலில்தான் முதல் புடலங்காய் இறங்கியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அப்படி ஒரு நேர்!

"பறிச்சிடுங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும் சார்."

"முத்திடும்."

"மோனிகா வரட்டும்."

மோனிகா அவருடைய ஒரே மகள். செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை. முதலில் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள். ஷிஃப்ட் மாறி மாறிப் போட ஆரம்பித்ததும் தூக்கம் கெட்டது. தோழிகளோடு அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டாள். செய்யாறு என்ன சீமையிலா இருக்கிறது? இங்கே பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும். அதுதான் சங்கடமே. தூர தேசம் என்றால் மனது ஒரு மாதிரி ஒத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது. மாடியில் எல்லோரும் இருக்கும்போதே, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"எம்மா, இந்த வாரம் வரல. ஓ.டி. போட்டுட்டாங்க, ஞாயித்துக்கிழமையும் வேல."

"சரிம்மா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ இன்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல... சொம்மா."

வைத்துவிட்டார். தலைக்கு மேலே புடலங்காய் ஆடிக்கொண்டிருக்கிறது!

"காய் விட்டிருக்குன்னு சொல்லலாம் இல்லக்கா?" என்று கேட்டேன்.

"சொன்னா ஓடியாந்துடுவா சார். லீவு போட்டா அங்க திட்டுவாங்க. தானா வரட்டும்."

அதற்கு அடுத்த வாரம் மோனிகாவின் ரூம் தோழிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு அடுத்து மறுபடியும் ஓ.டி. புடலங்காய் வெளிறியது. அடியில் லேசாக மஞ்சள் தட்டியது. மற்றவர்கள் எல்லாம் பை நிறையப் புடலங்காய் பறித்துக்கொண்டு போனார்கள். தேவகி அக்காவின் கொடியில் பூத்த பூவெல்லாம் கொட்டியது. நான் சொன்ன மாதிரியே ஆயிற்று. சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை.

"தேவகி, உன் புடலங்காய்க்கு முந்தி வந்துட்ச்சா?" என்று ஏகாம்பரம் அண்ணன் வாராவாரம் கேட்பார். தன் காயில் ரெண்டு எடுத்து அக்காவின் பையில் போட்டுவிட்டுத்தான் கேட்பார்.

ஒரு நாள் நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். "அக்கா, இது ஒண்ணைப் பறிச்சிட்டா கொடி பொழைச்சிக்கும். மோனிகா வர்றப்போ புதுக் காய் இருக்கும்."

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"சேலை முடிஞ்சா அவதான் சார் அறுப்பா. சின்ன புள்ளையில இருந்து. அவ கையிலதான் கத்திரி குடுப்பேன். ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் தறியில அப்படியே வச்சிருப்பேன். இப்ப... முதலாளி வூட்டுல ஜல்தி ஜல்தின்னு போன் அடிக்கிறாங்க. நானே அறுத்துக் குடுத்துடறேன். சேலைய எனக்கோசரம் நிறுத்தி வைக்க முடியாது." மேலே பார்த்தார். "இந்தப் புடலங்காய யாரு சார் வந்து கேக்கப் போறாங்க?"

கீரைக்கு முதலாளி இல்லை என்று சொன்னவன் நான்தானே? அதற்குப் பிறகு அந்தக் கொடியைப் பற்றி நான் பேசவே இல்லை.

போன ஞாயிறுக்கு வருகிறேன்.

காய் பளீரென்ற ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம். நிஜமான சத்தம்! கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு பெண், மேல்மூச்சு வாங்க வந்து நிற்கிறாள்.

"எம்மா! வூட்டப் பூட்டிகினு இங்க இன்னா பண்ற? தெரு பூரா தேடிகினு வரேன்."

தேவகி அக்கா இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். தறிக் கத்தரி. இத்தனை ஞாயிறும் அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இந்தா. அறு."

"இன்னாத்த?"

அக்கா மேலே காட்டினார். மோனிகா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "எம்மா, இது பழுத்தே பூட்ச்சு! இத வச்சிகினு இன்னா பண்ணுவ?" சிரித்துக்கொண்டே ஒரு கையால் காயைத் தாங்கி, மறு கையால் காம்பில் கத்தரி வைத்தாள்.

'புளிச்.'

காயின் அடிப்பக்கம் பிளந்து, உள்ளே இருந்த சிவப்புச் சதையும் விதையும் அவள் கை வழியாக முழங்கை வரை இறங்கியது. பட்டுச் சேலை முந்தியின் அதே அரக்குச் சிவப்பு.

ஏகாம்பரம் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "தோ பாருங்க சார்... இப்பதான் முந்தி வந்துகீது!"

சிரித்தோம். தேவகி அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எப்பலேர்ந்து மா வச்சிருக்க?" என்றாள் மோனிகா.

"ஆடியிலேர்ந்து" என்றார் ஏகாம்பரம் அண்ணன். மோனிகாவின் சிரிப்பு மெதுவாக நின்றது. கையில் வழிந்ததைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு குழாயடியில் உட்கார்ந்து அம்மாவும் மகளும் விதையைக் கழுவினார்கள். விதையில் பூச்சி அண்டாமல் இருக்க நான் சாம்பல் எடுத்து வந்து கொடுத்தேன்.

"இதுல எத்தினி செடி வரும் மா?"

"நீ எத்தினி நாளு இருப்ப?"

"சாயந்திரம் பஸ்ஸு. காலைல ஷிஃப்ட்."

அக்கா தலையாட்டினார். விதையில் சாம்பலைப் புரட்டி, ஒரு பிடியை எங்களுக்கு என்று தனியே வைத்தார். கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து மகளின் கையில் வைத்தார். ரூம் மாடியில், துணி காயப் போடும் இடத்தில், சும்மா ஒரு பெயிண்ட் பக்கெட் கிடக்கிறதாம்.

"நெழல்ல காய வச்சி அப்பறமா போடு. காய் வுட்டா கல்லு கட்டு. மொத காய பிஞ்சுலயே பறிச்சிடு. வுட்டா கொடி நின்னுடும். சார் சொல்லிக் குடுத்தாரு."

அடடா! பாடம் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்திருக்கிறது.

"உனக்கு எடுத்துகினு வரேன்மா, மொத காய."

"வாணாம்." அக்கா மகளின் முழங்கையில் ஒட்டியிருந்த ஒரு விதையை எடுத்துக் காகிதத்துக்குள் போட்டார். "பறிச்சி அன்னிக்கே ஆக்கித் தின்னு. யாருக்கோசரமும் வச்சிகினு இருக்காத."

அன்று வகுப்பு அதோடு முடிந்தது. நான் புதிதாகச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குத் திரும்பும்போது இனியா வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வகுப்புக்கு என்னோடு வந்து எல்லாவற்றையும் பார்த்தவள். பஜார் தாண்டியதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா... நான் பெரிசாகி வேலைக்குப் போயிட்டா, நீ மொத காயைப் பறிச்சிடுவியா?"

"பறிச்சிடுவேன். பறிச்சாதானே அடுத்தது காய்க்கும்?"

"அப்போ அடுத்ததையும் பறிச்சிடுவியா?"

வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன், பிள்ளைகளே.