சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர்

அந்தக் குளத்தை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. குளம் என்று சொல்வதே தப்பு. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே வந்தால், கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அதில் பொக்லைன் வைத்துத் தோண்டி, ஓரங்களில் இரும்புத் தகடு நிறுத்தி, நீலத் தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதற்கு மேலேதான் தடைகள் எல்லாம் தொங்கின. உருளும் கட்டை, ஆடும் பலகை, ஆறு இரும்பு வளையங்கள், கடைசியில் ஏறவேண்டிய கயிற்று வலை. வெளிநாட்டு டிவியில் பல வருஷமாக ஓடும் போட்டி அது. தடைகளைத் தாண்டிப் போகவேண்டும், பிடி தவறினால் தண்ணீரில் விழவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அதன் இந்தியப் பதிப்பை ஒரு சேனல் வாங்கி, முதல் படப்பிடிப்பை எங்கள் பக்கம் வைத்திருந்தது.

நான் நீச்சல் மாஸ்டர். வேலப்பன்சாவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐ.டி.க்காரர்களின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளைக்கு மூக்கில் தண்ணீர் ஏறினால் அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸப் குழுவில் என்னை நிற்கவைத்து விசாரித்துவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்கு டிவி நிகழ்ச்சியில் தண்ணீர்ப் பாதுகாப்பு வேலை கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தானே செய்யும்? எனக்குக் கனத்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றாமலே காய்கறிக் கடைக்குப் போய்வந்தேன்.

வேலை சுலபம். காலையில் அளவுக்கோலை இறக்கி ஆழம் பார்த்துத் தாளில் எழுதவேண்டும். ஒவ்வொருவர் ஓடுவதற்கு முன்பும் கரையில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டவேண்டும். என் விரல் உயராமல் கேமரா ஓடக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. அதைச் சொன்னவர் வெளிநாட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்திருந்த பாதுகாப்பு நிபுணர். ஆறடி உயரத்தில் தகட்டின் மேல் சிவப்பு டேப் ஒட்டினார். தண்ணீர் இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் யார் சொன்னாலும் யாரையும் ஓடவிடாதே என்றார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொல்லவைத்தார், பள்ளிக்கூடப் பையனைப் போல. எனக்குக் கோபம்தான் வந்தது.

அவர் விமானம் ஏறிய மறுநாளே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு அரை முழத்துக்கு மேல். எங்கோ ஓட்டை. தார்ப்பாயை இருந்த இடத்திலேயே தடவித் தடவிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. குளத்தைச் சுற்றி மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தது, வெயிலில்கூடக் காயவில்லை. செட் போடும் ஆள் ஒருவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாத்தே, இத்த பள்ளம்னு நெனச்சிகினு கீறியா? இது வாயி. எவ்ளோ ஊத்துனாலும் குடிச்சிகினே கீது பாரு."

சிரித்தேன். ஆனால் அதன்பிறகு தனியாக அந்தக் கரையில் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் காலையில் லாரித் தண்ணீர் வந்தது. பூந்தமல்லிக்கு அப்பால் ஏதோ ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டு வந்தார்கள். கோடு மறைந்ததும் நானும் நிம்மதியாக இட்லி சாப்பிடப் போவேன்.

இதில் என் தங்கையை இழுத்துவிட்டவன் நான்தான். கல்லூரியில் கம்பு ஊன்றித் தாண்டுவதில் மாநில அளவுக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உடம்பு மறக்கவில்லை. கோவில்பதாகையில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்தால் மாடிப்படிக்குப் பதிலாக ஜன்னல் கம்பியைப் பிடித்து மொட்டைமாடிக்கு ஏறுவாள், இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். விண்ணப்பத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேர்வில் முதல் ஆளாக வந்தாள். தொடக்க நிகழ்ச்சியில் முதல் ஓட்டம் அவளுடையது என்று முடிவாயிற்று. படப்பிடிப்புக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று சொல்லி அவள் மாமியார் அனுப்பியிருந்தார்.

"எந்தங்கச்சி விழவே மாட்டா சார்" என்று ஃப்ளோர் மேனேஜரிடம் நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். உண்மையும்கூட. மூன்று ஒத்திகையிலும் அவள் நனையவே இல்லை.

போட்டியாளர்களுக்கு நான் ஒரு பாடம் நடத்தினேன். வளையத்தில் பிடி தளர்ந்தால் தொங்கிக்கொண்டு போராடாதீர்கள், தோள்பட்டை கழன்றுவிடும். காலை நேராக நீட்டிக் கையை விட்டுவிடுங்கள். என் விரலைப் பார்த்துத்தானே கிளம்பினீர்கள், தண்ணீர் உங்களைத் தாங்கிக்கொள்ளும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் தங்கை மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, அண்ணன் இவ்வளவு பேசுவானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொடக்கத்துக்கு முந்தின நாள் லாரி வரவில்லை. கிணறு வற்றிக்கொண்டு வருகிறது, எங்கள் போர்வெல்லில் காற்றுதான் வருகிறது என்று ஊர்க்காரர்கள் லாரியை மறித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நாளைக் காலையில் வேறு இடத்திலிருந்து வரும் என்றார் மேனேஜர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோலை இறக்கினேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு முழம் தகடு காய்ந்து கிடந்தது. பூஜை நடந்துகொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று, பம்பாயிலிருந்து வந்த சேனல் பெரியவர்கள் சந்தனம் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சார், தண்ணி கோட்டுக்குக் கீழ ஒரு முழம் கீது. லாரி வரட்டும்."

"லாரி வேலப்பன்சாவடி தாண்டிட்சாம் மாஸ்டர், டிராபிக்ல நிக்குது. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள முதல் ஷாட்டு எடுக்கலேன்னா பன்னண்டு மணிக்கு மேலதான். அதுவரைக்கும் இவங்கள உக்கார வைக்க முடியுமா?"

"புக்ல..."

"ஒரே ஒரு ஓட்டம். ஓடப்போறது யாரு? உன் தங்கச்சி. அவ விழமாட்டான்னு நீதான சொன்ன?"

மணி பத்தேகால். ராகுகாலத்தில் நானும் ஒரு காரியமும் தொடங்காதவன். பழியை அதன் மேல் போட்டுவிடலாம். ஆனால் அது மட்டுமில்லை. சேனல்காரர்கள் முன்னால் முதல் நாளே முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் என்னைக் கூப்பிடமாட்டார்களோ என்று பயம். நான் அளந்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் நின்றாள். கையில் சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கல்லூரிக் காலத்தில் நிற்பாளே அதே மாதிரி. சொன்னால் கலங்கிப்போய்த்தான் விழுவாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எவ்வளவு சீக்கிரம் சமாதானம் ஆகிவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

அவள் மேடையில் ஏறி என்னைப் பார்த்தாள். கட்டைவிரலை உயர்த்தினேன்.

கட்டையைத் தாண்டினாள். பலகையைத் தாண்டினாள். கூட்டம் கத்தியது. வளையங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாய்க்குள் எண்ணினேன். ஐந்தாவதில் அவளுடைய இடது கை நழுவியது. வலது கையில் தொங்கினாள். வலை பக்கத்திலேயே இருந்தது, காலை வீசியிருந்தால் மாட்டிக்கொண்டிருக்கும். அவள் கீழே பார்த்தாள், பிறகு என் பக்கம் பார்த்தாள். விடாதே என்று கத்த நினைத்தேன். எதைச் சொல்லி விடாதே என்பது? அவள் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, காலை நேராக நீட்டிக் கையை விட்டாள்.

தண்ணீர் தெறித்த சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது, அவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் குதித்தேன். தண்ணீர் என் நெஞ்சு வரைதான் இருந்தது. அவளை வாரித் தூக்கியபோது அவள் அழவில்லை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "காலு, காலு" என்று மட்டும் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வெளியே போகும்போது தண்ணீர் லாரி வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் எடுக்கச் சொல்லி எல்லோரும் கத்தினார்கள். நான் வண்டியில் ஏறப் போனபோது மேனேஜர் என் தோளைத் தொட்டு அன்றைய ஆழத்தாளையும் பேனாவையும் நீட்டினார். எழுத மறந்திருந்தேன். ஈரக் கையால் ஆறடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நன்றி சொன்னார். ராகுகாலம் முடிந்ததும், நிரம்பிய குளத்தில் இரண்டாவது ஆள் ஓடினாராம்.

இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கியிருந்தன. தகடு வைத்தார்கள். ஆறு மாதத்தில் நடக்கலாம், ஓடுவதையும் குதிப்பதையும் மறந்துவிடவேண்டும் என்றார் டாக்டர். சேனலிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்து விசாரித்துவிட்டு, போட்டியாளர் தவறாகத் தரையிறங்கியதால் காயம் என்று அறிக்கையில் எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். தங்கை அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். ஆழத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்க அவளுக்குக் காரணமே இல்லை.

அவர் போனதும் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சொல்லிவிடவேண்டும் என்றுதான் நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டேன். அவள் முந்திக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அண்ணா, கோச்சிக்காதண்ணா. நீ அவ்ளோ நல்லா சொல்லிக் குட்த. நான்தான் ஒழுங்கா வுழல. மொத நாளே ஒம் பேர கெடுத்துட்டேன்."

என் கையை எடுத்து அவள் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"பரவால்ல உடு" என்று சொன்னேன்.