முகைதீன் பிச்சை ஏறிய நிற்காத வண்டி

காரைக்குடியில் தனியார் பேருந்துகளுக்கு முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர் முகைதீன் பிச்சை. கோட்டையூர்க்காரர். எந்தப் பேருந்து எப்போது கிளம்பும், எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வழியில் நிற்காத மதுரை பாயிண்ட் டு பாயிண்டில், நடுவே திருப்பத்தூரில் இறங்க வேண்டிய ஆள் காலை வைத்தால் இருபதடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "இது நிக்காது. இறங்கி, பின்னாடி நிக்கிற வண்டிக்குப் போங்க." ஒருவரும் தப்பியதில்லை.

வேலையை விட்ட மறு வருடம் அவர் கோலாலம்பூருக்குப் போனார். அங்கே மகள் சுஹானாவுக்கு ஆண் குழந்தை. நாற்பதாம் நாள், காலை பதினொரு மணிக்குப் பெயர் வைப்பது. சிக்கல் பெயரில்தான். பிச்சை தன்னைப் பெற்ற அத்தா சாகுல் ஹமீதின் பெயரை வைக்க வேண்டும் என்றார். திருப்பத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சம்பந்தி அப்துல் வாஹித், தன் அத்தா சிக்கந்தரை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஒரு மாதம் போனில் இரண்டு பக்கமும் கேட்டுக் களைத்த சுஹானா முடிவாகச் சொன்னாள்:

"யாரு முதல்ல வந்து புள்ளையத் தூக்குறீகளோ, அவுக காதுல பேரச் சொல்லுங்க. இனி எனக்குப் போன் பண்ணாதீக."

ஒருவரை ஒருவர் நம்பாததால் இருவரும் திருச்சியில் ஒரே விமானம் ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. வழியெல்லாம் ஒரே மரியாதை.

"ரயில்ல ஏறுனதும் போன் பண்ணுங்க மாமா, எங்க இறங்குறதுன்னு சொல்றேன். கார் கொண்டு வாரேன்" என்று மருமகன் சல்மான் சொல்லியிருந்தான்.

விமான நிலையத்தில் இரண்டு ரயில்கள். ஒன்று எங்கும் நிற்காமல் அரை மணியில் நகரத்துக்குப் போவது. மற்றது நடுவே மூன்று இடங்களில் நின்று, பத்து நிமிடம் தாமதமாகச் சேர்வது. பலகையைப் படித்து முடிப்பதற்குள் பிச்சை திட்டத்தையும் முடித்துவிட்டார்.

"சம்பந்தி, ஒங்களுக்கு முட்டுவலி. நின்னு போற வண்டில கூட்டமில்ல, நிம்மதியா வாங்க. நான் இதுல முன்னாடி போயி காரைப் பிடிச்சு வைக்கிறேன்."

"ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதென்ன சிரமம். முப்பத்தொரு வருசமா ஆளுகள வண்டி ஏத்திவிடுறதுதானே பொழப்பு."

ரயில் வேகமெடுத்த பிறகு சாவகாசமாகப் போன் செய்தார்.

"எந்த வண்டி மாமா?" என்றான் சல்மான்.

"நிக்காத வண்டி மாப்ள."



"நம்ம வீடு நடு ஸ்டேசன்ல மாமா. நான் பிளாட்பாரத்துலதான் நிக்கிறேன். இந்தா ஒரு வண்டி போகுதே, அதுலயா இருக்கீக?"

ஜன்னலுக்கு வெளியே, காதில் போனை வைத்த பச்சைச் சட்டை ஒன்று கோடாக இழுபட்டு மறைந்தது.

"பார்த்தேன் மாப்ள" என்றார் பிச்சை.

பேருந்தாக இருந்தால் டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி இறங்கிவிடலாம். இங்கே டிரைவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்றே தெரியவில்லை. நகரத்தில் இறங்கி, மறுபடி டிக்கெட் எடுத்து, நின்று போகும் வண்டியில் திரும்பி, வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று இருபது.

நடு ஸ்டேசனிலேயே இறங்கி மகன் சல்மானின் காரில் வந்துவிட்ட வாஹித், சோபாவில் பேரனை மடியில் வைத்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. கார் பிடிக்கப் போனீகளே, கிடைச்சதா?"

"பேரு?"

"சொல்லியாச்சு. மூணு தடவ."

பிச்சை கதவோரமே நின்றார். தண்ணீர் கொண்டுவந்த சுஹானா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாஹித் கொஞ்ச நேரம் குழந்தையைப் பார்த்தார், பிறகு பிச்சையைப் பார்த்தார்.

"வலது காதுலதான் சொன்னேன். இடது காது சும்மாத்தான் இருக்கு. வந்து சொல்லுங்க."

பிச்சை குனிந்து தன் அத்தாவின் பெயரை மூன்று முறை சொன்னார். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. சுஹானா தாளில் எழுதினாள்: சிக்கந்தர் சாகுல் ஹமீது.

"சாகுல் ஹமீது முன்னாடி வந்தா இன்னும் எடுப்பா இருக்குமே" என்றார் பிச்சை.

"பின்னாடி ஏறுனவுக பின் சீட்டுலதான் உக்காரணும் அத்தா" என்றாள் சுஹானா.