இடம் மாறிய சீட்டு

எங்கள் பக்கத்தில் இன்ஜினியருக்குப் படிப்பதே அபூர்வமாக இருந்த அறுபதுகளின் தொடக்கம். அப்பா இன்ஜினியரிங் கல்லூரியில் வாத்தியார். தாய்மாமா அவரிடமே மாணவர். வீட்டில் வேறு வம்பு வேண்டுமா?

போன வருஷம் மாமா சர்வேயில் கோட்டை விட்டிருந்தார். மறுபடியும் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டு நெய்க்காரப்பட்டிக் கத்தரித் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்று தாத்தா சொல்லிவிட்டார். அந்த வருஷச் சர்வே முகாம் திண்டுக்கல்லை ஒட்டிய அகரத்தில்.

ஐந்தைந்து பேராகக் குழு பிரிப்பது அப்பாவின் வேலை. மாணவர்களை இஷ்டம்போல் சேர விடமாட்டார். பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கூடத்தில் பரப்பி, கணக்கில் புலி ஒருவன், சமைக்கத் தெரிந்தவன் ஒருவன், ஊராரிடம் பேசத் தெரிந்தவன் ஒருவன் என்று பார்த்துப் பார்த்துக் குவியலாக வைப்பார். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

"என்னங்க, என் தம்பிய அந்த மொத மார்க்குப் பையனோட போட்டா என்ன கொறஞ்சா போகும்?" என்றாள் அம்மா.

"அவனே எல்லாத்தையும் முடிச்சிருவான். ஒன் தம்பி தென்னை மரத்தடியில படுத்துக் கெடப்பான். அம்புட்டுத்தான்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா குளிக்கப் போனதும் மாமாவின் சீட்டை முதல் மார்க்குக்காரனின் குவியலில் செருகிவிட்டு, அங்கிருந்த ஒன்றை இங்கே மாற்றினேன். எட்டு வயதுக்கு அது பெரிய துணிச்சல்.

மறுநாள் அப்பா சைக்கிளில் என்னையும் முகாமுக்குக் கூட்டிப்போனார். தோப்பில் நின்று பெயர்களை வாசித்தார். மாமாவின் பெயர் நான் வைத்த இடத்திலேயே வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் செத்த நேரம் துடைத்தார்.

"இந்தக் குழுவுல கணக்கு எழுதப்போறது இவரு," என்று மாமாவைக் காட்டினார். "மொத மார்க்கு வாங்குறவரு நெலம் அளக்குற சங்கிலியப் பிடிக்கட்டும். அஞ்சு பேருக்கும் ஒரே மார்க்கு."

முதல் மார்க்குக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேறு வழியில்லாமல், வரப்பில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகச் சொல்லிக்கொடுத்தான். சம்பங்கித் தோட்டக்காரர் சங்கிலியை உள்ளே விட மறுத்தபோது மாமா எழுந்து போனார். "ஏனுங்க, ஒரு பூவுலகூடக் கால் படாமப் போயிர்றோமுங்க," என்றார். வழி கிடைத்தது. மற்றக் குழுக்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றன.

மாமா தேறினார். நான்தான் அவரைக் கரையேற்றினேன் என்று வெகுநாள் பெருமையாகத் திரிந்தேன். யார் எந்தக் குவியலில் என்பது அப்பாவுக்கு மனப்பாடம். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர் கண்ணாடியில் தூசி விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.