தாங்குற ஆள்

திருவிடைமருதூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய அந்தக் கூலிக்காரர் தெருவில் பிறந்து டாக்டரான முதல் ஆள் துரைராசு. அவருடைய அம்மாவோடு சேர்ந்து நடவு நட்ட ரெத்தினம் அவருக்கு அத்தை முறை. கழக ஆட்சி வந்த புதிதில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் நின்ற வருஷம், பண்ணை அடியாட்கள் அவள் தோள்பட்டையை உடைத்தார்கள். அப்போதும் அவள் வாய் திறந்து அழவில்லையாம். தெருவே பெருமையாகச் சொல்லும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் துரைராசு வளர்ந்தார். கடைசியில் அதுவே அவர் கண்ணை மறைத்தது.

தொண்ணூற்றெட்டில் ரெத்தினத்துக்குக் கர்ப்பப்பையில் புற்று. முற்றிவிட்டது என்று தஞ்சாவூரிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். துரைராசு வாராவாரம் மோட்டார் சைக்கிளில் வந்து பார்ப்பார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"தேவலாம் தம்பி."

அதை அப்படியே நம்பி, பாரசிட்டமால் எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

கும்பகோணத்து மூத்த டாக்டர் ஜெக்கரியா ஒருமுறை கேட்டார், "வலிக்கு மார்பின் மாத்திரை என்கிட்ட இருக்கு. அனுப்பட்டுமா?"

"வேணாம் சார், பழகிடும். கடைசிக்கு வச்சுக்கலாம். அவங்க தாங்குற ஆளு."

தாங்குற ஆளாம்! அத்தனை வருஷம் படித்தவருக்கு வலியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வண்டி கிளம்பவில்லை. நடந்தே போனார். தெருமுனையிலேயே அலறல் கேட்டது. யாருக்கோ பிரசவம் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். கிட்டே வந்ததும்தான் எந்த வீடு என்று தெரிந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கத்திய ரெத்தினம், அவரைப் பார்த்ததும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

மகள் செவ்வந்தி வெடித்துவிட்டாள். "தெனமும் இப்படித்தாங்க. உங்க வண்டி சத்தம் கேட்டா மட்டும் வாயை மூடிக்கும்."

"ஏன் அத்தை?"

"நம்ம தெருவுக்குன்னு ஒரு டாக்டரு. உன் மருந்துக்கு வலி கேக்கலன்னு நானே சொன்னா, மத்தவங்க உன்கிட்ட வருவாங்களா?"

துரைராசு கூனிக் குறுகிப் போனார். பெரிய மனிதர் முன்னால் வலியைச் சொல்லாத ஜனம் அது. அவரைப் பெற்றவளும் அப்படித்தான் இருந்தாள். அந்தப் பெரிய மனிதர் இப்போது தான்தான் என்பது அதுவரை அவருக்கு உறைக்கவே இல்லை.

உடனே பஸ் ஏறிக் கும்பகோணம் போனார். ஜெக்கரியா ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் ரெத்தினம் சாய்ந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள்.

"நல்ல மருந்து தம்பி. இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு?"

செவ்வந்தியும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பதான் அத்தை வந்துச்சு."

ரெத்தினம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள். "பாத்தியாடி, வந்ததும் மொதல்ல எனக்குத்தான் கொண்டாந்திருக்கு."

அந்தக் கையை உருவிக்கொள்ளக்கூட அவருக்குத் துணிவில்லை.