வெல்வெட் சீட்டும் மஞ்சத்தண்ணியும்

மண்ணெண்ணெயும் புளித்த வாந்தியும் ஈர வெல்வெட்டும் ஒன்று சேர்ந்தால் ஒரு வாடை வரும். பனி இறங்கிய காலையில், கண்ணாடி ஏற்றி வைத்த காருக்குள் தலையை விட்டால் அது மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டு வரைக்கும் போகும். ஜமுனாமரத்தூரில் கழிந்த என் சிறுவயது முழுக்க அந்த வாடைதான். மற்றவர்கள் ஜவ்வாது மலை என்றதும் தேன், சாமை, பலா என்று உருகிப் பேசுவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

எல்லாம் எங்கள் நைனா வாங்கிய காரால் வந்தது. ஆரணிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் ஆசையாக வைத்திருந்த பழைய அம்பாசடர் அது. வாடகைக்கு ஓட்டலாம் என்று இன்ஜினைப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தவர் சீட்டை மட்டும் யோசிக்கவில்லை. வெண்ணெய் நிறத்தில் வெல்வெட், கீழே அதே நிறத்தில் கார்ப்பெட். மலைக்கும் போளூருக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறி இறங்குகிற, புளிமூட்டையும் பலாப்பழமும் செம்மண் கால்களும் ஏறுகிற ஒரு வாடகைக் காருக்கு அந்த நிறத்தில் சீட்டு வைக்க யாருக்காவது மனசு வருமா? அம்மா முதல் நாளே ரெக்சின் உறை போடச் சொன்னாள். "லுக்கே பூடும்" என்றார் நைனா. அதோடு பேச்சு முடிந்தது.

அதற்கப்புறம் அந்த "லுக்கை"க் காப்பாற்றுவது அம்மாவின் வேலையானது. நைனா காரை வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டினால் அவர் வேலை முடிந்தது. அம்மா பக்கெட்டும் தென்னைநார் பிரஷ்ஷுமாகப் போய்ப் பின்கதவைத் திறப்பாள். வளைவில் தலை சுற்றி வாந்தி எடுக்காத சவாரி அபூர்வம். எடுப்பவர்களும் ஜன்னலுக்கு வெளியே எடுப்பதை ஏதோ மரியாதைக் குறைவு என்று நினைத்தவர்கள் மாதிரி, கடைசி நிமிடத்தில் முகத்தை உள்பக்கம் திருப்புவார்கள். தெருவில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருந்தது. வாந்திக்குச் சோடா உப்பு, எண்ணெய்க்கு அரிசி மாவு, பலாப் பிசினுக்கு மண்ணெண்ணெய், துரு பட்டால் புளி. புளி தேய்த்த இடத்தில் புளிக்கறை விழுந்தது. மாவு தூவிய இடத்தில் எறும்பு வந்தது. மண்ணெண்ணெய் போட்டால் அந்த நாற்றத்திலேயே அடுத்த சவாரிக்காரர் வாந்தி எடுத்தார், அதற்கு மறுபடியும் சோடா உப்பு. யோசனை சொன்ன ஒருவராவது ஒரு நாள் பிரஷ்ஷைக் கையில் வாங்கினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஓர் ஆடித் திருவிழாவில் இது வெடித்தது. திருவிழாவின் கடைசி நாள் எங்கள் ஊரில் மஞ்சத்தண்ணி விளையாட்டு. முறைக்காரப் பெண்கள் குடத்தில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு மாமன் மச்சான் முறை உள்ளவர்களைத் துரத்தித் துரத்தி ஊற்றுவார்கள். அந்த வருஷம் அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாத எங்கள் மாமா, கண்ணமங்கலத்திலிருந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். நைனாவின் தங்கைகளான என் அத்தைமார் இருவரும் குடத்தோடு கிளம்பியதைப் பார்த்ததும் மாமா ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும் புத்தி மட்டும் அவருக்கு இல்லை. இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் இரண்டு குடம் உள்ளே போனது. ஊரே சிரித்தது, நைனா உட்பட. அம்மா சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் துணி சோப்பைக் குழைத்துப் பூசித் தேய்த்தாள். மஞ்சள் மேல் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது மஞ்சள் பூசிக் குளிக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் அலுப்பில் இருப்பவளுக்கு எது ஞாபகம் வரும்? சீட்டு முழுக்க ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. மறுநாள் படவேடு கோயிலுக்குப் போகக் காரைப் பேசி வைத்திருந்த குடும்பம் கதவைத் திறந்து பார்த்தது. எங்கேயோ அடிபட்ட ஆளை ஏற்றிய வண்டி இது என்று முடிவு கட்டி, பூஜைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது. நைனா தெருவில் நின்றபடியே அம்மாவைப் பார்த்துக் கத்தினார். சீட்டைக் கெடுத்தவள் அவள், கெடுக்க வைத்தவன் அவள் தம்பி, அவள் வூட்டு ஆளுங்களுக்கே ஒரு பொருளின் அருமை தெரியாது என்று என்னென்னவோ. தண்ணீர் ஊற்றியது அவருடைய சொந்தத் தங்கைகள் என்பதை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வந்து, பிரஷ்ஷை அவர் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்க ஒருவாட்டி தேச்சிப் பாருங்க. நான் எங்க வூட்டுக்குப் போறேன்."

எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போனாள். பஸ் திரும்பி மறையும் வரை நான் அழுதேன். திரும்பி வருவாளா என்று நைனாவிடம் கேட்கவே பயமாக இருந்தது, ஏனென்றால் அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அப்புறம் அவர் தேய்த்தார். சோப்புப் போட்டார், இன்னும் சிவந்தது. யாரோ எப்போதோ சொன்னதை வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தார், மஞ்சளானது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எலுமிச்சைப் பிசுக்குப் போக மறுபடியும் சோப்புப் போட்டார், மறுபடியும் சிவந்தது. இப்படி மாற்றி மாற்றிச் செய்து, கடைசியில் ஆத்திரத்தில் சீட்டையே கழற்றி வாசலில் வீசிவிட்டு, கார்ப்பெட்டையும் பிய்த்து எடுத்தார். அதன் அடியில் புளியங்கொட்டை, மண், காய்ந்த சோறு, எந்தச் சவாரி எடுத்தது என்று தெரியாத வாந்தி. அம்மா தினம் மண்டி போட்டுக் கை விட்டு எடுத்துக்கொண்டிருந்தது இதைத்தான். குனிந்து கழுவினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், திரும்பவும் குனிந்தார். எந்த வைத்தியமும் சொல்லாமல் தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வாசலில் கிடந்த சீட்டை அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. மலை வெயில் தானாகவே அந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டது.

வெளுத்த சீட்டைத் திரும்ப மாட்டிய அன்றே நைனா என்னையும் ஏற்றிக்கொண்டு கண்ணமங்கலம் போனார். அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஏறினாள். மலைப்பாதை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: அத்தனை வருஷம் தேய்த்த அந்தக் காரில் அம்மா அதுவரை மலை ஏறியதே இல்லை. அவசரத்துக்குக்கூடப் பஸ்தான்; கார் எப்போதும் சவாரியில் இருக்கும். வளைவு ஒன்றில் வாந்தி எடுத்துவிட்டாள், சரியாக அந்த வெல்வெட்டின் நடுவில். நைனா காரை ஓரம் கட்டினார். அவளை இறக்கிக் கல்லில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தோளில் கிடந்த துண்டை நனைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

"தேய்க்காதிங்க," என்றாள் அம்மா கல்லில் உட்கார்ந்தபடி. "தேச்சா உள்ள எறங்கிடும். ஒத்தி எடுங்க."

அவர் ஒத்தி எடுத்தார். அந்த வாரமே சீட்டுக்குக் கறுப்பு ரெக்சின் வந்தது. அதன் பிறகு காரைக் கழுவியது அவர்தான்.

அந்த அம்பாசடர் காயலான் கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வெண்ணெய் நிற வெல்வெட்டை இப்போது எந்தக் கடையிலும் காணோம். மஞ்சத்தண்ணிக்குப் பயந்து ஓடுகிற மாமன்கள் பைக்கில் போளூருக்கே போய்விடுகிறார்கள். வேலூரில் எங்களிடம் ஒரு கார் இருக்கிறது, கறை தெரியாத கறுப்புச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் துடைக்கிறேன். பையன் கொட்டிய பாலையும் என் வீட்டுக்காரர் சிந்திய டீயையும் துடைத்து, அது சுத்தமாக இருப்பதாகவே நினைத்திருந்தேன். போன மாதம் பால் நாற்றம் போகவில்லை என்று வாட்டர் சர்வீஸில் விட்டேன். நுரை போட்டு மிஷினால் உறிஞ்சி எடுத்தார்கள். பக்கெட்டில் வந்த தண்ணீர் தார் மாதிரி இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வீட்டுக்காரர் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நல்லாத்தானே இருந்தது, எதற்கு வீண் செலவு என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர்.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தத் தண்ணிய அவரு பார்த்தாரா?"

"இல்லம்மா."

"மொதல்ல அவர இட்டாந்து காட்டு."

பக்கெட்டைச் சாக்கடையில் கவிழ்க்கத் தூக்கிய சர்வீஸ்காரரிடம் அப்படியே வைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன்.