பேரிக்காய் தீய்ந்த வாசம்

வெளியே ஐப்பசித் தூறல். ஊட்டி பேரிக்காயை நறுக்கி, பட்டைத்தூளும் நாட்டுச்சர்க்கரையும் வெண்ணெயில் பிசறிய மாவும் தூவி, எங்கள் இருவருக்கு மட்டும் சின்னக் கிண்ணங்களில் ஓவனில் வைத்தேன்.

ஜன்னலோரம் மழையைப் பார்த்தபடி நின்றவள், அப்படியே நினைப்பில் எங்கோ போய்விட்டேன்.

"அம்மணி, என்னமோ தீயற வாசம் வருது பாரு!" ஹாலிலிருந்து கணவர் கூப்பிட்டார்.

போன முறை வந்த காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்காக எந்த வாசமும் தெரியாமல் இருந்தவர்.

"ஏனுங்க, இன்னொருக்கா சொல்லுங்க."

"தீயுதுங்கறேன், நீ எதுக்கு அழுவற?"

கரிந்த ஓரங்களைச் சுரண்டிவிட்டு மழை பார்த்துச் சாப்பிட்டோம். ஒவ்வொரு கரண்டியையும் முகர்ந்த பிறகே வாயில் வைத்தார்.

இப்போது, மதியச் சாம்பாரில் பெருங்காயம் தூக்கல் என்கிறார். இந்த மூக்கை இனி எப்படிச் சமாளிப்பது, சொல்லுங்கள்!