வெயில் விழுந்த பக்கம்

வெல்டரின் மனசில் பல வருஷமாக ஒரு முள் தைத்துக் கிடந்தது. மாமனார் மனையைப் பிரித்தபோது, வெயில் விழும் பாதியை மகனுக்குக் கொடுத்தார். மகளைக் கட்டியவருக்குப் பாதி நாள் நிழல் விழும் பாதி.

அந்த மகன், அதாவது வெல்டரின் மச்சினன், தையல்காரன். வாசல் அறையில் ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் கடை. குழந்தைகளுக்குத் தைத்தால் மடிப்புக்குள் கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்பான். "பிள்ள வளரும்ல, பிரிச்சு விட்டுக்கலாம்" என்பான். தெருவே அவனைக் கொண்டாடியது. "என் தம்பி கை இருக்கே..." என்று பெண்டாட்டி ஆரம்பித்தால் வெல்டருக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் நர்சரி வண்டி வந்தது. தூண் மாதிரி ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக வளரும் சைப்ரஸ் கன்றுகள். மச்சினன் ஒன்று வாங்கினான். அவன் வாங்கி நாம் வாங்காமல் இருப்பதா என்று வெல்டரும் ஒன்று வாங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

அந்த மரம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் கிளை பிரிந்து குடை மாதிரி சாய்ந்துவிடும். சேர்த்துக் கட்ட வேண்டும். மச்சினன் வெட்டுத்துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டினான். வெல்டர் பட்டறையிலிருந்து கட்டுக்கம்பி கொண்டுவந்து குறடால் முறுக்கினார்.

"மாமா, கம்பி வேணாம். மரம் பருக்கும்போது அறுத்துடும்."

"மரத்துக்குக் கோவணம் கட்டி விட்டிருக்க. நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா மாப்ள?"

"கோவணத்தையாவது அவுத்துக் கட்டலாம் மாமா."

அப்படியே செய்தான். மழைக்காலம் முடிந்ததும் ஏணி போட்டு ஏறி, நாடாவைத் தளர்த்திக் கட்டுவான். அவன் மரம் மாடியைத் தாண்டியது. வெல்டருடையது தலையிலிருந்து பழுத்துக் காய்ந்தது.

"வெயிலெல்லாம் அந்தப் பக்கம் போனா இது எங்க வளரும்?" என்றார்.

"மரத்தப் பாத்து வயிறெரியுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் பெண்டாட்டி.

காய்ந்த மரத்தை அறுக்கும்போது ரம்பம் கிரீச்சென்று நின்றது. தண்டுக்குள் கம்பி. கழுத்தை நெரித்த மாதிரி அந்த இடம் மட்டும் ஒடுங்கியிருந்தது. நிமிர்ந்தால் சுவருக்கு மேல் மச்சினன் தலை. கம்பியைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டான். சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அந்தப் பெருந்தன்மைதான் வெல்டரை இன்னும் எரித்தது.

பிறகு மச்சினன் நெஞ்சுச் சளியில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. பார்க்க வந்தவர்களின் செருப்பு வாசலை அடைத்தது. நாம் படுத்தால் இதில் கால்வாசி வருமா என்று கதவோரம் நின்று நினைத்துக்கொண்டிருந்தார் வெல்டர். அவரைத்தான் அவன் கை காட்டிக் கூப்பிட்டான்.

"மாமா, மழை விட்டதும் என் மரத்துக் கட்டத் தளர்த்தி விடணும். வருஷா வருஷம்."

"உன் மரத்துக்கு நான் எடுபிடியா? உன் அக்காகிட்டச் சொல்லு."

"அக்கா பாசத்துல இறுக்கிடும். மத்தவங்க கம்பியத் தேடுவாங்க. உங்க கைக்கு இனிமே இறுக்க வராது மாமா."

வெல்டர் ஜன்னல் வழியே அந்த மரத்தைப் பார்த்தார். இன்றைக்கும் வெயில் முழுக்க அதன்மேல்தான் விழுந்திருந்தது. மச்சினன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டான்.

"ஒரு விரல் போற மாதிரி விட்டுக் கட்டுங்க."